வாங்க வந்தவளின் முகம்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று குஷன் மாஸ்டர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். நான், "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். குடோனில், மதியம் மூன்றரை மணிக்கு. அவர் ஒரு மேனேஜர் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, கிழிந்த ரெக்சினை உரித்துக்கொண்டிருந்தார். வாயில் நாலு ஆணி. நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, நல்ல சக்கரம் ஒரு பக்கம், தேய்ந்தது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். ஆணிகளைத் துப்பிவிட்டு, "முதலாளி, ஒண்ணு கேக்கணும்" என்றார். லீவு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"உங்களுக்கும் யாரும் இல்ல, எனக்கும் யாரும் இல்லன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு மக இருக்கா. எனக்கு ரெண்டு தம்பிங்க இருக்காங்க. ஆள் இல்லாம கேக்கல. உங்க பக்கத்துல இருந்தா எனக்கு நல்லா இருக்கு. அதான் கேக்கறேன்."

பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்திருக்கிறோம். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. விதவையாகிப் பதின்மூன்று வருடம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மூடியபோது பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக ஆறு நாற்காலி கொடுத்தார்கள். அதை விற்றுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மூடுகிற ஆபீஸில் வாங்குவேன், திறக்கிற ஆபீஸில் விற்பேன். எவனையும் ஏமாற்றியதில்லை, எவனிடமும் ஏமாந்ததும் இல்லை. இப்போது ஒருத்தர் வந்து நல்லா இருக்கு என்கிறார். எது நல்லா இருக்கு? நானா, என் குடோனா?

செப்டம்பர் 3, புதன்

வேலை ஓடவில்லை. ஒரே நாற்காலியின் சக்கரங்களை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் ஐந்துதான்.

செப்டம்பர் 6, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொய் இரண்டு, ஞாயிறு பூசைக்குத் தாமதம் — வழக்கமான பட்டியல். கடைசியில் மாஸ்டர் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"இதுல பாவம் எங்கம்மா இருக்கு?" என்றார் ஃபாதர்.

"அதை நீங்கதான் ஃபாதர் சொல்லணும். அதுக்குத்தானே வந்தேன்."

"ஒருத்தர் கேட்டார், நீங்க யோசிக்கறீங்க. இதுக்கு நான் மன்னிப்பு குடுக்க முடியாது."

"மன்னிப்பு வேணாம். சரின்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா?"

அவர் சிரித்தது வலைத்துளை வழியாகக் கேட்டது. பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்களாம். கான்வென்டில் ஒரு சிஸ்டர் ஆன்ம வழிகாட்டுதல் கொடுக்கிறார், அங்கே போங்கள் என்றார். அது என்ன என்று கேட்டேன். "போய்ப் பார்த்தா தெரியும்." வரிசையைக் குறைக்க எந்த வியாபாரியும் சொல்கிற பதில்தான்.

பேரைப் பார்த்தால் பெரிய கம்பெனிகளில் வைத்திருக்கிற ஆலோசகர் மாதிரி இருக்கிறது. நல்லது. விவரம் தெரிந்தவரிடம் விஷயத்தை வைப்போம், அவர் முடிவைச் சொல்லட்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போய் வந்தேன். எரிச்சலாக இருக்கிறது. சிரிப்பாகவும் இருக்கிறது.

கான்வென்டின் பக்கவாட்டு அறை. ஒரு சன்னல், ஒரு சிலுவை, ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி. கடிகாரம் எனக்குப் பின்னால், அவருக்கு மட்டும் தெரியும்படி. கடையில் நானும் அப்படித்தான் மாட்டியிருக்கிறேன், வாங்க வந்தவர் மணி பார்க்கக் கூடாது. ஆள் விவரம்தான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். நாற்காலி ஆடியது. இடது முன்கால் திருகு கழன்றிருக்கிறது.

சிஸ்டருக்கு முப்பத்தைந்து இருக்கலாம். என் மகளுக்கு ஏழெட்டு வயது மூத்தவர். மழலைப் பள்ளியில் வேலை, விரல் நுனியெல்லாம் பச்சைச் சாயம். ஜலதோஷம் வேறு. இந்தப் பெண்ணா எனக்கு வழி காட்டப் போகிறது?

"ஃபீஸ் எவ்வளவு சிஸ்டர்? முதல்லயே பேசிடலாம்."

சிரிக்க வாய் திறந்தார், தும்மல் வந்தது. "எதுவும் இல்லம்மா."

சும்மா கிடைக்கிற சரக்கில் எங்கேயோ விரிசல் இருக்கும். இருந்தாலும் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். நடுவில் கோடு போட்டு, சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம். சாதகம் ஒன்பது. பாதகமும் ஒன்பது. பாதகத்தில் முதலாவது: "என் மேல் ஆசையா, குடோன் மேல் ஆசையா?" முழுவதையும் படித்தேன். சிஸ்டர் குறுக்கிடவே இல்லை. நன்றாகக் கேட்கிறார், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். என் மகளிடம் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசினதில்லை.

"அவ்வளவுதான் சிஸ்டர். இப்ப நீங்க சொல்லுங்க."

"நான் எதுவும் சொல்றதுக்கு இல்லம்மா."

"வழிகாட்டின்னு சொன்னாங்களே!"

"பேர் அப்படி ஆகிப்போச்சு. வழி காட்டறவர் தூய ஆவியார். அவர் உங்களுக்குள்ள என்ன பண்றாருன்னு நீங்க கவனிக்கறீங்க. நீங்க கவனிக்கும்போது நான் கூட உக்காந்திருக்கேன். என் வேலை அதோட சரி."

"அப்ப இந்த ரூம்ல நாம மூணு பேரா?"

"ஆமா."

"நாற்காலி ரெண்டுதானே போட்டிருக்கீங்க?"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் மூக்கைச் சிந்த வேண்டியதாகிவிட்டது. பிறகு கேட்டார்: "இந்த விஷயத்தை ஆண்டவர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். உமக்குச் சித்தமானா நடக்கட்டும், இல்லாட்டி வேணாம்னு சொன்னேன்."

"உங்களுக்கு என்ன வேணும்னு சொன்னீங்களா?"

காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. சன்னலுக்கு வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். வாளி நிறைந்தது, எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாதாரணமாக மாதம் ஒரு முறைதான் வருவார்களாம். முடிவு எடுக்கிற நேரம் என்பதால் எனக்கு வாரம் ஒரு முறை. அதுவரை தினம் கால் மணி நேரம் சும்மா ஆண்டவர் முன்னால் உட்கார வேண்டும். கேட்க வேண்டாம், பேரம் வேண்டாம். "நடக்கறதை மட்டும் பாருங்க. பார்த்ததை வந்து சொல்லுங்க."

இதற்கா பஸ் பிடித்துப் போனேன்?

செப்டம்பர் 10, புதன்

கால் மணி நேரம் இவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லை. குடோனில் இருக்கிற நாற்காலிகளை மனதுக்குள் எண்ணி முடித்தேன். பாக்கி ஒன்பது நிமிடம் இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

பதினோராவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். கனவில் யாரோ இழுப்பறை மேசை கேட்டார். விலைகூடச் சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து மகளுக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஐந்து நிமிடம் பேரனின் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, சுத்தி வளைக்காத. மாஸ்டரா?"

"உனக்கு எப்படி—"

"ஒருவழியா கேட்டுட்டாரா! நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னு."

"ஐயோ அம்மா."

"என்னடி ஐயோ?"

"ஒண்ணும் இல்ல. நீ யோசி. நல்லா யோசி." பின்னாலிருந்து மாப்பிள்ளை குரல்: "அத்தை, மாமா வந்ததும் எங்க சோபாவுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்க, ஸ்பிரிங் குத்துது!"

அதற்குள் மாமாவாம். இவர்களுக்கு யார் கொடுத்தது உரிமை? போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று திருப்புளி எடுத்துப் போனேன். முதலில் நாற்காலித் திருகை முடுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சிஸ்டர் வேடிக்கை பார்த்தார், தடுக்கவில்லை.

ஜெபத்தில் ஒன்றும் நடக்கவில்லை, வெறும் பராக்குதான் என்றேன்.

"என்ன பராக்கு?"

நாற்காலி எண்ணியது. தூங்கியது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மாஸ்டர் ஒரு நாற்காலியைத் தைத்து முடித்ததும் தானே உட்கார்ந்து பார்க்க மாட்டார். வாசலில் இருக்கிற காவல்காரரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "அண்ணே, முதுகு என்ன சொல்லுது?" என்று கேட்பார். காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டு, நீதிபதி மாதிரி, "இடுப்புகிட்ட கொஞ்சம் இறுக்கம்" என்பார். மாஸ்டர் உடனே பிரித்துத் திரும்பத் தைப்பார். ஜெபத்துக்கு நடுவில் அந்தக் காட்சி வந்து நின்றது.

"அது வந்தப்ப உங்களுக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு?"

"பராக்கைப் போய்க் கேக்கறீங்களே சிஸ்டர்."

"சும்மா சொல்லுங்க."

"நல்லா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

யோசித்தேன். "மறுநாள் கடை திறக்கற வரைக்கும்."

சிஸ்டர் அப்போதுதான் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். சில சந்தோஷம் வந்த வேகத்தில் போய்விடுமாம், போகும்போது உள்ளே காலியாக்கிவிட்டுப் போகுமாம். சில சந்தோஷம் தங்குமாம். பயத்தோடும் தங்கும், அழுகையோடும் தங்கும். தங்குவது எது, போவது எது என்று பார்க்கப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி என்றார்.

நான் துள்ளிவிட்டேன். "ஃபோம்தான் சிஸ்டர் அது!"

"என்னம்மா?"

"மட்டமான ஃபோம் உக்காந்ததும் மெத்துனு இருக்கும். நல்ல ஃபோமைவிட மெத்துனு இருக்கும். அதுலதான் ஜனங்க ஏமாறுவாங்க. பத்து நிமிஷத்துல அமுங்கி, பலகை மேல உக்காந்திருப்பீங்க. நல்ல ஃபோம் முதல்ல கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும். ஆனா தாங்கும். அதனாலதான் நான் எந்த நாற்காலியையும் பத்து நிமிஷம் உக்காராம வாங்க மாட்டேன்."

சிஸ்டர் ஒரு நோட்டை எடுத்தார். "இதை நான் எழுதி வெச்சுக்கலாமா?"

எழுதிக்கொண்டார்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் ஒரு வேலை கொடுத்தார். மூன்று நாள், 'சரி' என்று சொல்லிவிட்டவளாக மனதுக்குள் வாழ வேண்டும். வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. அடுத்த மூன்று நாள் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டவளாக. இரண்டிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இது எனக்குப் புரிகிற பாஷை.

செப்டம்பர் 17, புதன் — 'சரி', முதல் நாள்

பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். நான் சரி என்று சொல்லிவிட்டேன். காலையில் ரொட்டி சுட்டபோது கை தானாக இரண்டு எடுத்து வைத்தது. பயமாக இருந்தது. ரொட்டிக்கா பயம்?

செப்டம்பர் 18, வியாழன் — 'சரி', இரண்டாம் நாள்

பயம் பட்டியல் போடுகிறது. குறட்டை விடுவாரா? குடோனில் யார் சொல்வது எடுபடும்? பூசைக்கு ஒன்றாகப் போனால் முன்வரிசைக் கூட்டம் என்ன பேசும்? குடோன் மேல் ஆசை என்றால்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் அந்த மனிதர் ஒரு முழம் ரெக்சின்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. மிச்சத் துண்டுகளை அளவு வாரியாகச் சுருட்டி, கயிறு கட்டி, என் மேசையில் வைத்துவிட்டுத்தான் போவார். இதைப் பாதகத்தில் முதலாவதாக எழுதியவள் நான்.

அடித்துவிட்டேன். பாதகம் எட்டு.

செப்டம்பர் 19, வெள்ளி — 'சரி', மூன்றாம் நாள்

பயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் ஏதோ ஒன்று தாங்குகிறது. இன்று ஒரு வாடிக்கையாளர் கேட்காமலே விலை குறைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் சந்தேகப்பட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

செப்டம்பர் 20, சனி — 'வேண்டாம்', முதல் நாள்

அப்பாடா. வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. காலையில் தோள்பட்டையே இறங்கிவிட்டது. என் வீடு, என் சாவி, என் ரொட்டி ஒன்று.

மதியம் ஒரு காப்பீட்டு ஆபீஸ் மூடுகிறார்கள் என்று மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பத்தெட்டு சுழல் நாற்காலி. எல்லாம் ஒரே கம்பெனி, முதுகுவலை கிழியாதது. என் கண் முன்னால் இப்படிச் சரக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கொட்டாவிகூட விட்டேன். "இதை எங்க கொண்டு போய்ப் போடறது… பார்க்கலாம் சார்" என்று வாசல் வரைக்கும் நடந்தேன். அவரே பின்னால் வந்து குறைத்தார். வாங்கிவிட்டேன்.

வண்டியில் ஏற்றும்போது மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாஸ்டர்?" என்றேன். "ஒண்ணுமில்ல முதலாளி. உங்க கொட்டாவிக்கே ஒரு விலை இருக்கு."

செப்டம்பர் 21, ஞாயிறு — 'வேண்டாம்', இரண்டாம் நாள்

பலகை மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள் — 'வேண்டாம்', மூன்றாம் நாள்

மாஸ்டர் போகிறாராம்.

காலையில் வந்ததும் சொன்னார். பக்கத்து நகரத்தில் பஸ் சீட் தைக்கிற ஃபேக்டரி, மேற்பார்வை வேலை, அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து. கையில் வேலைக் கடிதம் வைத்திருந்தார். "நீங்க சங்கடப்பட வேணாம் முதலாளி. நான் கேட்டேன், நீங்க மரியாதையா வேணாம்னுட்டீங்க. இனிமே தினம் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கறது ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

"நான் எங்க வேணாம்னேன்? யோசிச்சுச் சொல்றேன்னுதானே சொன்னேன்?"

"பதினோரு வருஷமா உங்க பக்கத்துல நிக்கறேன். யோசிச்சுச் சொல்றேன்னு நீங்க சொன்ன ஒரு சரக்கையாவது திரும்பிப் போய் வாங்கியிருக்கீங்களா?"

ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை. வேணும்னா "பார்க்கலாம்"பேன். வேணாம்னாதான் "யோசிச்சுச் சொல்றேன்"பேன். எனக்கே தெரியாம ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. அதுக்குத்தான் அன்னைக்கு போன்ல மக ஐயோன்னா!

சரி, அப்பவாவது வாயைத் திறந்தேனா? "ஒண்ணாம் தேதியா? புதன்கிழமை வருது" என்றேன். புதன்கிழமையாம்! முகத்தை எப்படி வைத்திருந்தேனோ, அவர் தலையாட்டிவிட்டு ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேணுங்கறது கண்ணு முன்னாடி எழுந்து போகுது, நான் கொட்டாவி விடாத குறையா நிக்கறேன். என்ன பொம்பளை நான்?

செப்டம்பர் 23, செவ்வாய்

சிஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று நாள், மூன்று நாள், புதன்கிழமை, எல்லாம். கொட்டாவியை நடித்தே காட்டினேன். சிஸ்டருக்கும் கொட்டாவி வந்துவிட்டது.

"வாங்கப் போற இடத்துல முகத்தைக் காட்டக் கூடாது சிஸ்டர். வேணும்னு தெரிஞ்சா விலை ஏறிடும். இது தொழில்."

"தெரியுதும்மா." கொஞ்சம் பொறுத்து, "ஜெபத்துல?"

"ஜெபத்துல என்ன?"

"அங்க எந்த முகத்தோட உக்காருவீங்க?"

உமக்குச் சித்தமானால் நடக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, ஆண்டவரே. நான் பக்தி என்று நினைத்திருந்தேன். அது 'பார்க்கலாம் சார்'. பதின்மூன்று வருடமாக ஆண்டவர் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறேன், விலை ஏறிவிடுமோ என்று.

ஏன் அப்படி என்று எனக்கே தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேணும், வேணும் என்று முழங்காலில் நின்று கேட்டேன். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எதையும் வேணும் என்று கேட்டதில்லை. இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மேசையிலிருந்த துணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

கடைசியில் சிஸ்டர், "நான் ஒண்ணு சொல்ல வந்தேன்…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இல்ல. அது என் ஆசை. விடுங்க."

"சொல்லுங்களேன் சிஸ்டர்!"

"மாட்டேன்." கன்னம் சிவந்துவிட்டது. வாத்தியார் வேலை செய்கிறவருக்கு பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஜெபிக்கப் பைபிளிலிருந்து ஒரு காட்சி கொடுத்தார். வழியோரம் உட்கார்ந்து கத்துகிற கண் தெரியாதவர். இயேசு அவரைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற இடம்.

செப்டம்பர் 24, புதன்

எனக்கு அந்த இடத்தில் எப்போதும் ஒரு சந்தேகம். கண் தெரியாத ஆளிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்பார்களா? பார்த்தாலே தெரியாதா?

இன்று கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். கேட்கிறவருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் வாயால் வர வேண்டும். அவன் கொட்டாவி விடவில்லை, 'உமக்குச் சித்தமானால்' என்று நழுவவில்லை. கூட்டத்துக்கு நடுவில், மானம் பார்க்காமல் கத்தினான்.

அப்புறம் அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பியது.

எனக்கு வேணும் — என்றேன். சத்தமாக. வீட்டில் யாரும் இல்லை. எனக்கு அவர் வேணும். காலையில ரெண்டு ரொட்டி சுடணும். யாராவது என்கிட்ட முதுகு என்ன சொல்லுதுன்னு கேக்கணும்.

அழுதேன். அப்புறம் சிரித்தேன். பதில் வரவில்லை, குரல் கேட்கவில்லை, ஒன்றும் இல்லை. ஆனால் முகத்தைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. விலை ஏறவில்லை. அங்கே விலையே இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் நேற்று வந்ததைத்தான் தொட்டுப் பார்த்தேன். அமுங்கவில்லை.

மாஸ்டர் இன்று வரவில்லை. தம்பி வீட்டில் வேலையாம்.

செப்டம்பர் 26, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் காப்பீட்டு ஆபீஸ் நாற்காலி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். வாயில் ஆணி.

"மாஸ்டர், ஆணியைத் துப்புங்க."

"எதுக்கு?"

"முழுங்கிடுவீங்க."

துப்பினார்.

"எனக்கு வேணும்."

"எது முதலாளி? சுத்தியலா?"

"நீங்க."

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார், யாராவது சரக்கு விற்க வந்திருக்கிறார்களா என்று. "இது யாரை மடக்கறதுக்கு?"

"யாரையும் இல்ல. யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னது தப்பு. அன்னைக்கே எனக்குத் தெரியும். வேணும்னு காட்டினா போயிடுமோன்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. "என்ன முதலாளி, உங்க முகத்துல எல்லாமே தெரியுது!"

"தெரியட்டும்."

பிரித்துப் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார், கம்பி குத்தி எழுந்தார். தலையைச் சொறிந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பாவி மனுஷன்!

செப்டம்பர் 27, சனி

ஆள் வரவில்லை. போனும் இல்லை. காவல்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். இவருக்கு எல்லாம் தெரியும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனிலேயே கை தட்டினாள். "அவர் வேணாம்னுட்டா என்னம்மா பண்ணுவ?"

இதைத்தான் நானும் காலைப் பூசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். வேணாம்னா வலிக்கும். நிறைய வலிக்கும். ஆனால் புதன்கிழமை ஜெபத்தில் வந்தது போகாது போலிருக்கிறது. அது அவர் சரி சொல்வதால் வந்தது அல்ல. நான் வேணும் என்று சொன்னதால் வந்தது. பயம் மேலே வந்து போகிறது, அது அடியில் அசையாமல் இருக்கிறது. இப்படி ஒன்று இருக்கும் என்று பதினெட்டு அயிட்டம் எழுதிய என் காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

"அழுவேன். அப்புறம் கடை திறப்பேன்" என்றேன்.

"அம்மா, நீ ஆள் மாறிட்ட."

"போடி."

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் சிஸ்டரிடம். 'வேணும்' என்று சொன்னதைச் சொன்னேன், மாஸ்டர் யோசிச்சுச் சொல்றேன் என்றதையும் சொன்னேன். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். இந்த முறை அந்த மௌனம் எனக்கு உறுத்தவில்லை. மூன்று பேர் இருக்கிற அறையில் யாராவது ஒருவர் பேசாமல் இருக்கத்தானே வேண்டும். இனி மாதம் ஒரு முறை போதும் என்றார். வருவேன் என்றேன், எந்த முடிவும் எடுக்க இல்லாவிட்டாலும்.

குடோனுக்கு வந்தால் மாஸ்டர் வாசலில் நிற்கிறார். புதுச் சட்டை. காவல்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போகச் சொன்னேன், காது கேட்காத மாதிரி இருந்தார்.

"எங்க போயிட்டீங்க நாலு நாளா?"

"ஃபேக்டரிக்கு. வர்றேன்னு வார்த்தை குடுத்திருந்தேன். கடிதத்தை நேர்ல குடுத்து, வரலைன்னு சொல்லி, மன்னிப்பு கேட்டுட்டுத்தான் உங்களுக்கு பதில் சொல்லணும். அங்க முதலாளி வெளியூர் போயிருந்தார். நேத்துதான் வந்தார்."

"அதைச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே! யோசிச்சுச் சொல்றேன்னுட்டுப் போனீங்களே?"

"உங்க அகராதியில அதுக்கு வேணாம்னு அர்த்தம் முதலாளி. என் அகராதியில யோசிச்சுட்டுச் சொல்றேன்னுதான் அர்த்தம்."

"யோசிச்சாச்சா?"

"கேட்டதே நான்தானே!"

காவல்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து, நீதிபதி மாதிரி, "முடிஞ்சுதா? டீ சொல்லவா?" என்றார்.

டீ வருவதற்குள் பேசி முடித்தோம். ஃபாதர் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும். கல்யாணம் நவம்பர் எட்டு, சனிக்கிழமை, காலை ஆறரைப் பூசையில். சாப்பாடு மகள் பொறுப்பு. இருப்பது என் வீட்டில். குடோன் மகள் பேருக்குப் போகும். அதை அவரேதான் முதலில் சொன்னார். 'முதலாளி' என்று கூப்பிடுவது குடோனுக்குள் மட்டும். கல்யாணமானாலும் கூலி கூலிதான் என்றார், சரி என்றேன். நாற்காலிக்கு இருபத்தைந்து ரூபாய் கூட்டிக் கேட்டார், பதினைந்தில் முடிப்பேன் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பார். இருபத்தைந்தே தருகிறேன் என்றேன்.